பிலாத்துஸ் மலையில் பாதி வழி

சுவிஸில் லுற்சேர்ன் வாவிக்கரையில் நின்று பார்த்தால் கரடுமுரடாக எழுந்து நிற்பது பிலாத்துஸ் மலை. உயரம் 2128 மீற்றர். யேசுநாதருக்கு மரண தண்டனை விதித்த பிலாத்துவின் ஆவி இம்மலையிலுள்ள சிறு குளமொன்றில் கிடப்பதாகவும், அதைக் குழப்பினால் புயல் எழும் என்றும் முன்னோர் நம்பினர். மலையேறத் தடை இருந்தது. 1387 இல் தடையை மீறிய ஆறு குருமார் தண்டிக்கப்பட்டனர். 1585 இல் லுற்சேர்ன் பங்குக் குரு ஒருவர் ஆட்களோடு சென்று குளத்தில் கல்லெறிந்து காட்டினார். ஆவி எழும்பவில்லை. மக்களின் பயம் மெல்ல நீங்கியது. ஆனால் மலையின் மழையும் புயலும் நீங்கவில்லை என்பதை நாம் நேரில் கண்டோம்.

வேலையில் கிடைத்த ஒரு ஞாயிறு விடுமுறையில் துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியாகவே புறப்பட்டோம். லுற்சேர்னிலிருந்து அல்ப்னாக்ஸ்ராட்டுக்கு றெயினில் இருபது நிமிடம் வரையில் செல்லும். அங்கிருந்து உச்சிக்குப் பற்சக்கர றெயின் உண்டு. 1889 இல் தொடங்கியது. நூறு மீற்றருக்கு 48 மீற்றர் வரை ஏறும். உலகிலேயே மிகச் செங்குத்தான பற்சக்கரப் பாதை இதுதான். ரிக்கற் விலை கூட. நடந்தால் காசில்லை, நாலைந்து மணித்தியாலம் போதும்.

மஞ்சள் பலகைகள் வழி காட்டின. அவற்றிலுள்ள நேரம் இளைப்பாறாமல் நடப்பதற்கான கணக்கு. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதையைக் குறிக்கும். நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலக் கோடு கண்டால் பழக்கமில்லாதவர்கள் போகக்கூடாது. பட்டணத்தில் முகம் பார்க்காமல் போகும் சனங்கள் மலையில் எதிர்ப்பட்டால் “குறுயெற்சி” என்று வணக்கம் சொல்லிப் போகிறார்கள். அது மனதுக்கு இதமாக இருந்தது.

மாலையில்தான் மழை என்று வானொலி சொன்னது. எம்சிகன் என்ற இடத்தைத் தாண்டியபோது பதினொரு மணிகூட ஆகவில்லை. புகார் இறங்கி வந்தது. பத்து அடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. பிறகு குளிர்ந்த மழை, மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பார்த்தோம். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முதலில் பதினைந்து, அடுத்தது ஒன்பது.

மேலே போக ஆசைதான். இன்னொரு ஞாயிறு எப்போது கிடைக்குமோ தெரியாது. ஆனால் இங்கே கால் சறுக்கினால் ஊரிலே எங்கள் காசை எதிர்பார்த்திருக்கும் அம்மாவுக்கு யார் சொல்வது? எங்களைப் போன்றவர்களின் உயிர் எங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. திரும்பி நடந்தோம். இறங்கும்போது எதிரே வந்த முதிய சுவிஸ் தம்பதியினரும் வானத்தைப் பார்த்துவிட்டு எங்களோடேயே திரும்பினார்கள். மலையை அறிந்தவர்களுக்குத் திரும்புவது வெட்கமில்லை.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளோடு மலைக்குப் போகத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மலையே காணாத எங்களுக்கு இது பெரிய காட்சி. ஆனால் சிலவற்றை மனதில் வைத்திருங்கள். நூறு மீற்றர் ஏறும்போது ஏறக்குறைய 0.6 பாகை குளிர் கூடும். கீழே சேட்டோடு நின்றாலும் உச்சியில் பத்துப் பாகை குறைவு. ஆகவே மழை அங்கியும் கம்பளிச் சட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாதையால் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அயலவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இடி முழங்கினால் தனி மரத்தடியிலும் மலை முகட்டிலும் நிற்க வேண்டாம். இரும்புச் சங்கிலியைப் பிடிக்க வேண்டாம். ஆபத்தென்றால் மலை மீட்புக்கு 1414, இல்லையேல் 112. தொலைபேசி வேலை செய்யாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு தடவை விளக்கையோ விசிலையோ காட்டி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் செய்யுங்கள்.

உச்சியைப் பார்க்க இன்னொரு கோடை வரும். மலை அங்கேயேதான் இருக்கும்.