19 பேரில் ஒருத்தி

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய 19 பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அவர்களில் பெண் ஒருவர்தான்: இசைவாணி.

கானா, வடசென்னையில் சாவு வீட்டிலும் ஒலிக்கும் பாட்டு. அதைக் காலங்காலமாகப் பாடியவர்கள் ஆண்கள். எங்கள் தாமிரபரணிக் கரையிலோ சாவு வீட்டுப் பாட்டு பெண்களுடையது. என் ஆச்சி ஒப்பாரி வைத்தால் தெருவே நின்று கேட்கும். செத்தவரின் வரலாறு, சொத்துத் தகராறு, மருமகள் பட்ட பாடு எல்லாம் மெட்டோடு வரும். ஆனாலும் ஆச்சியைப் பாடகி என்று யாரும் சொன்னதில்லை. அதற்கு அழுகை என்றே பெயர். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பாடும் பெண்ணுக்குக் கூலி உண்டு. மறுநாள் ஊர் பேசும் பேச்சும் உண்டு.

2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். மகிழ்ந்தேன். கூடவே ஒன்று உறுத்தியது. ஆண்களின் பாட்டுக்குள் நுழைய ஒரு பெண் அவ்வளவு போராட வேண்டியிருக்கிறது. பெண்களே கட்டிய பாட்டோ பாட்டாகவே எண்ணப்படுவதில்லை.

இசைவாணியின் பாட்டை மகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆச்சி பாடியவற்றில் நினைவில் நிற்பதையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன், ஆச்சியின் பெயர் போட்டு.