எங்க இருக்கேன்னு யாருக்குத் தெரியணும்?

வீராம்பட்டினத்துல எங்க சித்தப்பா போட்டுல வாக்கி டாக்கி உண்டு. பேசினா அந்த சேனல்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கும். அதனால மீன் கிடைக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டார். "இங்க ஒண்ணுமில்ல மாப்ள"ன்னு கூசாம புளுகுவார் :)

செல்போன் நேர் எதிர். பேச்சு ரகசியம், இடம் ரகசியமில்ல. நான் வாயே திறக்காட்டியும் அது டவர்கிட்ட ஆஜர் சொல்லிக்கிட்டே இருக்கு. அம்மாகிட்ட லைப்ரரின்னு சொல்லிட்டு காந்தி சிலைகிட்ட உக்காந்திருந்தது கம்பெனிக்குத் தெரியும்.

2024 ஆகஸ்ட்ல மத்திய அரசு 1 லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் திட்டத்தை ஆரம்பிச்சுது. படகு இருக்கிற இடம் சாட்டிலைட் வழியா கரைக்குத் தெரியும், ஆபத்துன்னா உதவியும் கேக்கலாம். சித்தப்பாவுக்குப் பிடிக்கல. "என் இடம் எவனுக்கோ தெரியணுமா?"

"எனக்குத் தெரியணும்"னாங்க சித்தி. எஞ்சின் நின்னு அவர் திரும்பாத ராத்திரி, விடியற வரைக்கும் கரையில நின்னவங்க.