கவனயீனமும் நட்டஈடும்

நோயாளி இறந்துவிட்டால் வைத்தியர்மீது பழி சுமத்துவது உலக இயல்பு. சட்டமோ அத்துணை விரைவில் அசைவதில்லை. மூளைத்தண்டில் தோன்றிய கட்டியால் 1992-இல் மாண்ட சிறுமியொருத்தியின் தந்தை தொடுத்த வழக்கு இதற்குத் தக்க சான்று. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. 2001-இல் இலங்கை உயர் நீதிமன்றம் வைத்தியரின் கவனயீனத்தை ஏற்றும் நட்டஈட்டை மறுத்தது. அக்கவனயீனமே மரணத்தை விளைவித்தது என்பது நிறுவப்படவில்லை. அந்நோய்க்கு அன்று மருந்தேது? இம்மறுப்பு நியாயமானதே.

ஆயினும் நீதிமன்றம் பிறிதொன்றும் கூறிற்று: நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் அக்காலத்தில் இத்தகைய வழக்கிற் பணநட்டத்தையே அளந்தது, பெற்றோரின் துயரத்தை அன்று. இதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. உழைக்கும் தந்தை இறந்திருப்பின் இழந்த வருவாயைக் கணக்கிட்டிருப்பர். சின்னஞ்சிறு மகளுக்கு எதைக் கணக்கிடுவது?