பெட்ரோல் போகும் பாதை

காஞ்சிபுரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்தால் முதலில் நிற்பது தறி. குழித்தறிக்குள் ஈரம் ஏறிவிடும், பட்டு இழை நமுத்துப்போகும், வேலை ஓடாது. தறி நின்றால் வண்டிக்கும் வேலை இல்லை. பாவு வாங்கி வரவும் நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும்தானே அது? இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கும். மழை விட்டதும் எடுத்தால் தெரு முனை தாண்டுவதற்குள் இருமிவிட்டு ஆஃப் ஆகிவிடும்.

பிள்ளையார்பாளையத்தில் என் சித்தப்பாவின் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டுக்கு நடந்தது இதுதான். "இன்ஜின் போச்சு, போர் பண்ணணும்" என்றார் ஒரு மெக்கானிக். அவர் சொன்ன தொகை கிட்டத்தட்ட ஒரு சேலையின் கூலி. சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்து தறியில் உட்கார்ந்த பல நாட்கள் அது.

"கம்ப்யூட்டர் படிச்சவன், இதுல நீ என்னடா பாக்கப்போற?" என்றார் சித்தப்பா.

"மொதல்ல பெட்ரோல் எதுவரைக்கும் போகுதுன்னு பாத்துடலாம் சித்தப்பா."

என் வேலையிலும் இதைத்தான் செய்கிறேன். எதையும் மாற்றுவதற்கு முன், தகவல் கிளம்பிய இடத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் போய், எந்தப் படியில் கெடுகிறது என்று பார்ப்பது.

முதல் படி டேங்க் மூடி. அதிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து மூடினால் ஓடுகிறதா? எங்களுக்கு ஓடவில்லை. அடுத்து பிளக். நின்ற கையோடு கழற்றிப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் வந்தும் எரியவில்லை. எங்களுடையது நனைந்திருந்தது. பொறி நன்றாகவே அடித்தது. அப்படியானால் வருவது என்ன?

இன்ஜின் ஆறியதும் வெளியே திறந்தவெளியில் வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் பாட்டிலுக்குள் இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல், கீழே கலங்கலாக வேறொன்று.

இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 2003-இல் 5 சதவீதத்தில் ஆரம்பித்த திட்டம் 2022-இல் பத்தைத் தொட்டது; 2023-இலிருந்து 20 சதவீதக் கலவை பங்குகளுக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓரளவு வரை தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். நூறு ரூபாய்க்குப் போட்டு எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் சித்தப்பாவின் வண்டி உறிஞ்சுவது சரியாக அந்த அடியைத்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லி என்று கலக்கிறோமே, அந்த ஆயில் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருப்பதைக் குடித்து இன்ஜின் ஓடினால் வழவழப்பு இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அப்படியே உதைத்து உதைத்து ஓட்டியிருந்தால் மெக்கானிக் சொன்னது நிஜமாகியிருக்கும்.

டேங்கைக் காலி செய்தோம். டேப்பின் வலையையும் ஜெட்டையும் சுத்தம் செய்து, விறைத்துப்போன ரப்பர் டியூபை மாற்றி, புது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினோம். நாலாவது உதையில் பிடித்தது. செலவு 300 ரூபாய்க்குள். பழைய வண்டிகள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் அதை ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலான பங்குகளில் வேறு பெட்ரோல் கேட்டு வாங்க வழியில்லை.

வாரக்கணக்கில் நிறுத்தப்போகிறோம் என்றால், டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். அது முடியாவிட்டால், ஈரக்காற்றுக்கு இடமில்லாமல் முழு டேங்க் போட்டு வைக்கலாம். இதைச் சொன்னபோது சித்தப்பா இரண்டாவதைச் சிரித்தே ஒதுக்கிவிட்டார். "முழு டேங்குக்கு எங்கடா போறது? காலி பண்ணி வெச்சிடறேன். மழைக்கு முன்னாடி பாவ மூடி வெக்கறோம்ல, அதோட இதுவும் ஒரு வேல."