யான் ஆற்றில் சவர்க்காரம் வேண்டாமே!

கெடா, யானுக்குப் போனால் தித்தி ஹாயுன் நீர்வீழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையடிவாரத்தில் ஜில்லென்ற தண்ணீர்! ஆனால், சாப்பிட்ட தட்டுகளை அங்கேயே சவர்க்காரம் போட்டுக் கழுவும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

நம் தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயில் ஒட்டும். மறுமுனை தண்ணீரோடு சேரும். அதனால்தான் பிசுக்கு சிறு துளிகளாக உடைந்து நீரோடு போய்விடுகிறது. தட்டுக்கு நல்லதுதான். மீனுக்கோ, உடலைக் காக்கும் வழுவழுப்பும் செவுளும் பாதிக்கப்படும்.

பழைய செய்தித்தாள் கொண்டுபோங்கள். பிசுக்கைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டை வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.