பீர்ல ஏன் டெட்டால் வாடை?

பீர் பத்தி எழுத ஒரு பி.காம் பையனுக்கு என்ன தகுதின்னு கேக்குறீங்களா? டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா எந்த என்ட்ரியில தப்புன்னு ஒவ்வொண்ணா தேடிப் போவோமில்ல, அதே வேலைதான் இதுவும்.

முதல்லயே சொல்லிடறேன். நம்ம திண்டுக்கல்ல யாரும் இதைச் செஞ்சு பாத்துடாதீங்க. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டுல பீர் தயாரிச்சா குற்றம். இது மெல்போர்ன்ல இருக்கிற என் அத்தை பையன் கதை. அங்கே சொந்தமா குடிக்க பீர் போட்டுக்கலாம், சாராயம் காய்ச்சத்தான் கூடாது.

முதல் தடவை போட்டப்போ போன்ல புலம்பினான். "மாப்ள, பாட்டிலைத் திறந்தா ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குடா. டெட்டால் வாடை!"

அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. டெட்டால்ல இருக்கிற மருந்து பேரு குளோரோசைலினால், குளோரோஃபீனால் குடும்பம். குழாய்த் தண்ணி குளோரினோ, பாத்திரம் கழுவின பிளீச்சோ மிச்சம் இருந்தா, மால்ட், ஈஸ்ட்ல இருந்து வர்ற ஃபீனாலோட சேர்ந்து அதே குடும்பத்துச் சரக்கு பீருக்குள்ள உண்டாகும். துளியூண்டு போதும், மூக்கு பிடிச்சிடும். தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற விட்டா குளோரின் ஓடிடும். குளோரமின் கலக்குற ஊர்னா அது லேசுல போகாது, கேம்ப்டன் மாத்திரை போடணும். ஆத்தூர் அணைத் தண்ணியா, போர் தண்ணியான்னு ஒரு வாய் குடிச்சதும் சொல்ற நமக்கு இதெல்லாம் புரியாதா என்ன?

ரெண்டாவது தடவை பச்சை ஆப்பிள் வாடை. காரணம் அவசரம். ஈஸ்ட் சர்க்கரையை முதல்ல அசிட்டால்டிஹைடா மாத்தி, அப்புறம்தான் ஆல்கஹாலா மாத்தும். பாதியில பாட்டில்ல அடைச்சா அந்த ஆப்பிள் அப்படியே தங்கிடும். வெண்ணெய் வாடை (டைஅசிட்டைல்) வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். இன்னும் சில நாள் விட்டா ஈஸ்ட்டே அதைத் தின்னு தீர்த்துடும். ஹைட்ரோமீட்டர் ரீடிங் ரெண்டு மூணு நாள் மாறாம நின்னாத்தான் பாட்டில் பக்கம் போகணும். இல்லேன்னா உள்ளே கேஸ் ஏறி பாட்டிலே வெடிக்கும்.

மூணாவது, நெயில் பாலிஷ் வாடை. அது ஜனவரி, அங்கே கோடைக்காலம். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18-20 டிகிரி போதும். சூடு ஏறினா கண்டதையும் கக்கும். சித்திரை வெயில்ல நம்ம இட்லி மாவு என்ன பாடு படுதுன்னு தெரியுமில்ல, அதேதான்.

மத்ததெல்லாம் சுருக்கமா: நனைஞ்ச அட்டை வாடைன்னா, நொதிச்சு முடிஞ்ச பிறகு காத்து பட்டிருக்கு. காடி வாடைன்னா அழுக்குப் பாத்திரம், கூடவே காத்து. வெயில்ல வெச்சா ஹாப்ஸ் நாறும், அதனாலதான் பழுப்பு பாட்டில்.

ஆக, ஒவ்வொரு வாடையும் ஒரு விலாசம். எங்க அம்மா மாவுச் சட்டியைத் திறந்து மோந்து பாத்தே பாதி விஷயத்தைச் சொல்லிடுவாங்க. அவங்க ஹைட்ரோமீட்டரைக் கண்ணால கூட பாத்ததில்லை.

ஆனா இதைப் படிச்சிட்டு, மோந்து பாத்தே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடலாம்னு மட்டும் நினைச்சிடாதீங்க மக்களே. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, அவங்க குடிச்சதுல இருந்தது மெத்தனால். அதோட வாடைக்கும் சாதாரண சாராய வாடைக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. டெட்டால் வாடை அடிச்ச பீரை என் மச்சான் சிங்க்ல கொட்டிட்டான், நஷ்டம் கொஞ்சம் டாலர். கள்ளக்குறிச்சியில குடிச்சவங்களுக்குக் கொட்டணும்னு தோண ஒரு காரணமும் இல்லை. யாராவது "வீட்டுச் சரக்கு, சுத்தமானது, வாசனை பாரு"ன்னு நீட்டினா, வாசனை பாத்து முடிவு பண்ணாதீங்க. வேண்டாம்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.