பேச ஒரு இடம்

எங்க அத்தையை மாட்டுச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு முனை வீட்டு நடுத்தூணில், மறுமுனை அத்தையின் கணுக்காலில். சங்கிலி உரசி உரசிப் புண்ணாகி ஈ மொய்க்கும். அப்பத்தா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே அழும். ஆனால் அவிழ்த்துவிடப் பயம். ஒருமுறை அத்தை ஓடிப்போய் ஊர்த்தெருவில் நின்று கத்தியதற்காகத் தாத்தாவைக் கூப்பிட்டு வைத்து அடித்தார்கள். அத்தையைக் கட்டியதில் அவள் நோய்க்குப் பாதிப் பங்கு என்றால், ஊர்த்தெருவுக்குப் பாதிப் பங்கு.

2001 ஆகஸ்ட் 6 விடியக்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். நான் அப்போது எட்டாவது. பேப்பரைப் படித்துக் காட்டினேன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் அத்தை காலிலிருந்து சங்கிலியைக் கழற்றினார். மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். ரெண்டு பேர் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. மாசாமாசம் அப்படிப் போக நாதியில்லை. நாலாவது மாசம் மாத்திரை நின்றது. அத்தை கடைசிவரை முழுசாகத் திரும்பி வரவேயில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மனநல மருத்துவம் செல்போனில் வந்துவிட்டது என்று கேட்கும்போது நம் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சோத்துக்கு வழியில்லாதவனுக்குச் செல்போன் வைத்தியமா என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் அமைப்பு 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர் பேசுவார், மாத்திரை அந்தப் பஸ்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கும். 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு டெலி-மானஸ் சேவையைத் தொடங்கியது. 14416 என்று போட்டால் போதும், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில், நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. அந்த ஜனங்களில் எங்க அத்தை மாதிரி எத்தனை பேர்! அப்படியொரு பஸ் அன்றைக்கு எங்க தெருவுக்குள் வந்திருந்தால் மாத்திரை நின்றிருக்காது.

ஆனால் தெருவுக்குள் வரணும். விசயம் அங்கேதான் இருக்கிறது.

போன வருசம் என் சித்தப்பா மகன் கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். "எங்கிட்டாச்சும் போயிரணும்ணே, ஆருக்கும் தெரியாம" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. 14416 போட்டு அவன் கையில் கொடுத்தேன். வாங்கியவன் உடனே கட் பண்ணினான்.

"வீட்ல வச்சு எப்படிண்ணே பேசுறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலனி வீடு ஒரே அறை. அதில் சித்தப்பா, சித்தி, தங்கச்சி, டிவி. அறைக்குள் சிக்னலும் இல்லை. சிக்னலுக்குக் கண்மாய்க்கரை ஏறணும். கரையில் சாயங்காலமானால் ஊர்ப் பயலுகள் உட்கார்ந்திருப்பான்கள். நம்ம பையன் அங்கே நின்று அழுதுகொண்டு பேச முடியுமா? கடைசியில் வண்டியில் ஏற்றி எங்க சுடுகாட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே சிக்னல் இருந்தது, ஆள் இல்லை. நான் தள்ளிப்போய் நின்றேன். முக்கால் மணி நேரம் பேசினான். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டான். அந்தக் குரல்தான் அன்றைக்கு அவனைப் பிடித்து நிறுத்தியது. அதற்கு நான் நன்றியுள்ளவன்.

நாலு நாள் கழித்துக் கேட்டேன், "என்னடா சொன்ன?"

"பரீட்சைல பெயிலாயிட்டேன், தூக்கம் வரலன்னு சொன்னேன்ணே."

"விடுதில சாதியச் சொல்லிக் கூப்பிட்டது, தட்டத் தனியா வைக்கச் சொன்னது?"

"அதச் சொல்லல. அந்தக்கா ரொம்ப நல்லாப் பேசுனாங்கண்ணே. அவங்க ஆரு எவருன்னு தெரியாதுல்ல. சொன்னதும் கொரல் மாறிப்போச்சுன்னா?"

முகம் தெரியாததால்தான் அவனால் வாய் திறக்க முடிந்தது. எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. அதே முகம் தெரியாமைதான் முக்கியமானதைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டது. அவர்கள் கணக்கில் இவன் பரீட்சைப் பயம் உள்ளவனாகப் பதிவாகியிருப்பான். இப்படிப் பதிவுகள் சேர்ந்து சேர்ந்து நாளைக்கு ஒரு அறிக்கை வரும். அதில் நம் பிள்ளைகளுக்கு வருவதெல்லாம் பரீட்சைப் பயமாகவே இருக்கும். சாதி ஒரு எண்ணாகக்கூட இருக்காது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநல சேவை பெறுவது உரிமை என்கிறது. சேவையில் பாகுபாடு கூடாது, சரி. நோயே பாகுபாட்டினால் வந்தால்? சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்கிறவர்கள் 'யாராவது உன்னை இழிவுபடுத்தினார்களா' என்றும் கேட்கப் பழக வேண்டும். அந்தப் பக்கம் போன் எடுக்கிற இடத்தில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டும். போனில் பேசிய பிறகு மாத்திரை வேண்டுமென்றால் அது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்க அத்தை கதைதான்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. எங்க தெரு அம்பேத்கர் படிப்பகத்தின் பின்னறையில் பழைய பேனர்களும் கொடிக்கம்புகளும் அடைந்து கிடந்தன. காலி பண்ணி, ஒரு நாற்காலி போட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்திருக்கிறோம். இணைய இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. வருகிறவரைக்கும் தம்பி சுடுகாட்டுக்குப் போய்த்தான் பேசுகிறான். உசுரோடு இருக்கிறவன் மனசுவிட்டுப் பேச எங்க ஊரில் இப்போதைக்கு அந்த இடம்தான் இருக்கிறது.